மூலத்தில் இல்லாத வரி

நாட்டின் தலைநகரில், தமிழர் வாழும் பகுதிகளில் ஒட்டும் அரசுச் சுவரொட்டிகளை இந்தியிலிருந்து தமிழாக்குவது என் வேலை. பழைய அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. எங்களை நம்பவும் தெரியாது. தாளில் இரண்டு கட்டம். இடப்பக்கம் என் தமிழ். வலப்பக்கம் அதையே நான் சொல்லுக்குச் சொல் திரும்ப இந்தியில் எழுதிக் காட்ட வேண்டும். மூலத்திலிருந்து ஒரு சொல் விலகினாலும் சிவப்பு வட்டம். எட்டு வருடம் இப்படி. போகப்போக, வலப்பக்கத்தை முதலில் நிரப்பிவிட்டு அதற்கு அளவெடுத்துத் தமிழைத் தைக்கப் பழகினேன். வட்டங்கள் நின்றன. வீட்டில் கவிதையும் நின்றது. சுவரில் என் வரிகளைக் கண்டால் பேருந்து ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

புதிதாக வந்த அம்மையார் முதல் வாரமே வலப்பக்கத்தை எடுத்துவிட்டார்.

“தமிழ் உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அச்சா, அப்புறம் நான் எதைச் சரிபார்க்க?” என்றார் இந்தியில்.

விடுதலைதான். ஆனால் தடுப்பூசிச் சுவரொட்டி மூன்று நாள் மேசையிலேயே கிடந்தது. கை பழைய தடத்திலேயே ஓடியது. எழுத இனி வருமா என்பதே பயமாகிவிட்டது.

நான்காம் நாள் காலை, லக்ஷ்மிபாய் நகரில் எங்கள் படிக்கட்டைப் பெருக்கும் விழுப்புரத்து அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்: ‘உரிய காலத்தில் தடுப்பூசி செலுத்துவதை உறுதி செய்வீர்.’

“குடிசையக் காலி பண்ணச் சொல்லி ஒட்டுவானே, அந்த நோட்டீசாட்டம் இருக்குது சார்.” துடைப்பத்தை ஊன்றி நின்றார். “மொத ஊசி எல்லாருந்தான் போடுதுங்க. அன்னிக்கே புள்ளைக்கு ஜுரம் வந்துடுது. பயந்துபோயி அடுத்ததுக்குப் போறதில்ல. ஜுரம் வரும்னு முன்னாடியே ஒருத்தரும் சொல்றதில்லயே. நீயாவது எழுதேன் சார்.”

எழுதினேன்: ‘ஊசி போட்டால் காய்ச்சல் வரலாம். ஓரிரு நாளில் போய்விடும். அடுத்த ஊசிக்கும் பிள்ளையைத் தூக்கி வாருங்கள்.’

மூலத்தில் காய்ச்சல் என்ற பேச்சே இல்லை. அதையும் அம்மையாரிடம் சொல்லிவிட்டேன். வலப்பக்கக் கட்டம் திரும்பி வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் மூலத்தை எழுதிக்கொடுத்த மருத்துவருக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினார்.

“டாக்டர் சரின்னுட்டார். இந்தியிலயும் சேர்க்கணுமாம். ஏன்ஜி, எட்டு வருஷத்துல இப்படி ஒண்ணுகூடவா உங்களுக்குத் தோணல?”

அன்று மாலைக்குள் அடுத்த சுவரொட்டிக்கு மூலத்தில் இல்லாத நான்கு வரிகள் எழுதினேன். படித்துப் பார்த்தபோது இரண்டு தேறவில்லை. அவற்றையும் அவரிடம் கொண்டுபோய், ஏன் தேறவில்லை என்று சொன்னேன்.