நெருப்புக்கு மேலே ஒரு டி.வி.

போன செவ்வாய்க்கிழமை நான் ஒருவரைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

நானா? ஆமாம், நானேதான். பஸ்ஸில் “கொஞ்சம் நகருங்க” என்று கேட்கக் கூச்சப்பட்டு, இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டிப் போகிறவள் நான். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா? எழுதச் சொன்னால் எழுதுவேன். பேசச் சொன்னால் சமையலறைக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவள், மூன்றாவது மாடியில் கத்தியது வாட்ச்மேனுக்குக் கேட்டிருக்கிறது.

கத்த வைத்தது ஒரு டி.வி.

தாம்பரத்தை ஒட்டிய பீர்க்கன்கரணையில், ஏரிக்கரையோரம் இருக்கிற எங்கள் ஃபிளாட்டுக்கு எதிர் ஃபிளாட் எஸ்தர் அக்காவுடையது. ரிட்டயர்டு டீச்சர். வீட்டுக்காரர் தவறிய பிறகு தனியாக இருக்கிறார். ஒரே மகன் டேனியல், மனைவி குழந்தையோடு கனடாவில்.

இந்த வருஷம் ஜூனில் டேனியல் மட்டும் வந்திருந்தான். என்னோடு வந்துவிடு என்று அம்மாவைக் கூப்பிட்டான். அக்கா மறுத்துவிட்டார். அம்மா நம் வீட்டுக்கு வராவிட்டால் என்ன, நம் வீட்டை அம்மாவிடம் கொண்டுவருவோம் என்று நினைத்தானோ என்னவோ... ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் பிளைவுட் பேனல் அடித்து, கீழே ஒரு எலக்ட்ரிக் ஃபயர்பிளேஸ் பதித்தான். குளிர்காயும் கணப்பு. நிஜ நெருப்பு இல்லை. கண்ணாடிக்குள் விறகு எரிகிற மாதிரி விளக்கு நெளியும். ரிமோட்டில் இன்னொரு பட்டனை அழுத்தினால் சூடான காற்றும் வரும்.

தாம்பரத்தில்! மார்கழியில் நாலு நாள் காதை மூடிக்கொண்டு வாக்கிங் போவோம்... அதோடு நம் குளிர்காலம் முடிந்தது.

அந்தக் கணப்புக்கு மேலே, அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், பெரிய டி.வி. டி.வி.யின் உச்சியில் வீடியோ கால் பேச ஒரு கேமரா.

மாட்ட வந்த ஃபிட்டர் குமாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “இன்னா சார் இது? ஜனங்கல்லாம் ஏ.சி. மாட்டிகினு கீறாங்க, நீங்க அடுப்பு மாட்றீங்க?”

டேனியல் சிரித்துக்கொண்டே போனில் ஒரு படத்தைக் காட்டினான். “எங்க வீட்ல இப்படித்தாண்ணா. நெருப்பு, அதுக்கு மேல டி.வி. ரெண்டு வீடும் ஒரே மாதிரி இருக்கட்டும். அம்மாவுக்கும் நாங்க பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கும்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கண் கலங்கியது. உயரம் சரியா என்று அங்கே யாருக்குக் கேட்கத் தோன்றும்?

இது ஜூன் கதை. இப்போது நவம்பருக்கு வருவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை டேனியல் எனக்கு போன் செய்தான். எனக்கு அவன் போன் செய்வதே அபூர்வம்.

“ஆன்ட்டி, ஒண்ணு கேக்கலாமா? அம்மாவுக்கு என் மேல கோவமா?”

“ஏம்ப்பா?”

“வீடியோ கால்ல வந்தா மூஞ்சியே காட்ட மாட்டேங்கறாங்க. ஒரு நிமிஷம் பாக்கறாங்க, அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கறாங்க. எனக்கு அவங்க வகிடு மட்டுந்தான் தெரியுது. எதுக்கும் ‘ம்... சரிப்பா...’ அவ்ளோதான். ஜூன்ல வரமாட்டேன்னு சொன்னப்ப நான் கொஞ்சம் கத்திட்டேன். அதை மனசுல வெச்சிருக்காங்களோ... கிறிஸ்மஸுக்கு எல்லாருமா வரலாம்னு பாத்தோம். வந்து அவங்களைச் சங்கடப்படுத்த வேணாமோன்னு இருக்கு.”

“அப்படியெல்லாம் இருக்காதுப்பா. நான் கேக்கறேன்” என்றேன்.

கேட்டேனா? எப்படிக் கேட்பது? “அக்கா, உங்க பிள்ளை மேல கோவமா?” என்று ஒருவர் வீட்டுக்குள் போய்க் கேட்க முடியுமா? திங்கட்கிழமை முழுக்க வாசல் வரை போய்ப் போய்த் திரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஏரி நிரம்பினால் எங்கள் சுவர்களும் வியர்க்க ஆரம்பித்துவிடும். ஒரு துணியும் காயாது. கொஞ்சம் வத்தக்குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு கிளம்பினேன். கையில் குழம்பு இருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வரும்.

கதவு திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன்.

கணப்பு எரிகிறது. சூட்டுக் காற்று வாசல் வரை அடிக்கிறது. டி.வி. மாட்டிய இரும்புச் சட்டத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஜன்னல் கம்பியில் இழுத்துக் கட்டியிருக்கிறார். கயிறு முழுக்க ஈரத்துணி — பெட்ஷீட், நைட்டி, டர்க்கி டவல். கனம் தாங்காமல் கயிறு தொய்ந்து, டி.வி. ஒரு பக்கமாக முன்னால் சாய்ந்து நிற்கிறது. அதற்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து, தலையணை உறையைத் தோசை திருப்புகிற மாதிரி திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருக்கிறார் எஸ்தர் அக்கா!

அப்போதுதான் கத்தினேன். “எழுந்திருங்கக்கா! அந்தாண்ட வாங்க!”

“ஐயோ, என்னாச்சு? பாம்பா?”

“டி.வி. தலையில விழப்போகுதுக்கா!”

“அட, இரும்புச் சட்டம். நல்லா ஸ்ட்ராங்கா இருக்குன்னுதானே கட்டினேன்.”

கணப்பின் பிளக்கைப் பிடுங்கினேன். துணியை எல்லாம் அள்ளி மூலையில் போட்டுக் கயிற்றை அவிழ்த்தேன். டி.வி.யின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தால் — அப்போதுதான் அணைத்த இஸ்திரிப்பெட்டி மாதிரி இருந்தது.

இது நம் ஊரில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு. அந்த மிஷினோடு வந்த புத்தகத்தில் ‘மேலே கொடி கட்டித் துணி காயப்போடாதீர்கள்’ என்று எழுத அந்த ஊர்க்காரருக்குத் தோன்றியிருக்குமா? அக்காவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. மழை விடாமல் பெய்கிறது, வீட்டில் சூடாக ஒரு பொருள் சும்மா இருக்கிறது... உங்களுக்கும் எனக்கும் மட்டும் வேறு யோசனையா வந்திருக்கும்?

“சாஞ்சா போச்சு? எங்க, பாக்கறேன்” என்று அக்கா டி.வி.யைப் பார்க்க அண்ணாந்தார். பாதியில் நின்றுவிட்டார். பிடரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, மெதுவாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“எத்தனை நாளாக்கா இப்படி?”

“அது கெடக்கு. ஆகஸ்ட்லேர்ந்தே இருக்கு. தலையைத் தூக்கினா பிடரியில சுருக்குன்னு இழுக்கும், சுத்தும். புள்ள பேசறப்ப ஒரு நிமிஷம் தூக்கிப் பாத்துப்பேன். அதுக்கு மேல முடியல. வலியில பேச்சும் வராது.”

“டேனியல்கிட்ட சொல்லலையா?”

“என்னன்னு சொல்றது? ஆசை ஆசையா மாட்டிட்டுப் போயிருக்கான். ரெண்டு வீடும் ஒரே மாதிரி இருக்கணும்னு... வேணாம், நீயும் சொல்லாத. மனசு ஒடிஞ்சிடும்.” பிடரியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அவனும் இப்பல்லாம் சீக்கிரமா வெச்சிடறான். என்ன வேலையோ.”

பாருங்கள்! பிள்ளை மனசு நோகக்கூடாது என்று அம்மா வலியை மறைக்கிறார். அம்மாவுக்குக் கோபம் என்று பிள்ளை தள்ளிப் போகிறான். நடுவில் கிண்ணத்தில் வத்தக்குழம்போடு நான்.

டி.வி. மணி அடித்தது. டேனியல்தான். அங்கே அவனுக்கு விடியற்காலை. அக்கா சட்டென்று புடவையைச் சரிசெய்துகொண்டு சோபாவில் உட்கார்ந்தார். நான் கேமராவுக்குத் தெரியாமல் சுவரோரம் ஒதுங்கினேன்.

“எப்படிம்மா இருக்க? மழையாமே?”

அக்கா நிமிர்ந்தார். சிரித்தார். குனிந்துவிட்டார். “ம்... நல்லா இருக்கேம்ப்பா.”

“நிமிந்து பாரேம்மா.”

“பாக்கறேன்ப்பா.” பார்க்கவில்லை.

பிறகு அவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான். “சரிம்மா... கிறிஸ்மஸுக்கு டிக்கெட்டெல்லாம் கிடைக்கறது கஷ்டமா இருக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம். என்ன?”

அக்காவின் கை புடவைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கியது. “சரிப்பா. உன் சௌகரியம்” என்றார்.

என்னால் முடியவில்லை. நடந்துபோய் டி.வி.க்கு முன்னால் நின்றேன்.

“டேனியல், அம்மாவுக்குக் கோவம் இல்ல. கழுத்து வலி. டி.வி. ரொம்ப உயரம்.”

அவ்வளவுதான் பேசினேன். அதற்கே நாக்கு உலர்ந்துவிட்டது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்... பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகளை அந்தப் பார்வை நடுங்க வைத்ததோ!

டேனியல் திரைக்குக் கிட்டே வந்தான். பிறகு மெதுவாக, “ஏம்மா சொல்லல?” என்றான்.

“நீ ஆசையா மாட்டினடா. உங்க வீட்டு மாதிரியே இருக்கணும்னு...”

“எங்க வீடா? அம்மா... இது வாடகை வீடு. ஹால்ல வேற சுவர் கிடையாது. ஒரு பக்கம் ஜன்னல், ஒரு பக்கம் கிச்சன். அதனாலதான் நெருப்புக்கு மேல மாட்டியிருக்கோம். நாங்களே கழுத்து வலிக்குதுன்னு தரையில தலையணை போட்டுப் படுத்துக்கிட்டுத்தான் பாக்கறோம்!”

அக்கா முதலில் சிரித்தார். பிறகு அழுதார். பிறகு இரண்டும்.

நாம் இப்படித்தான், இல்லையா? இன்னொரு ஊரில் வேறு வழியில்லாமல் செய்ததைப் படத்தில் பார்த்து, ஆஹா என்ன ஸ்டைல் என்று இங்கே கொண்டுவந்து மாட்டிவிடுகிறோம். ஏரிப் பக்கத்து மழையையும் சேர்த்தா அந்தப் படத்தில் எடுத்திருந்தார்கள்?

மறுநாள் ஃபிட்டர் குமார் வந்தார். டி.வி.யை இறக்கிவிட்டு, சட்டத்தின் ஸ்க்ரூவைக் கழற்றப் போனார். கழற்றவே வேண்டியிருக்கவில்லை, இரண்டு ஸ்க்ரூ, சுவருக்குள் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் பிளக்கோடு கையோடு வந்துவிட்டது. பேனலுக்குப் பின்னால் இருந்தது, ஆணி சரியாகப் பிடிக்காத லைட்வெயிட் கல் சுவர். சாதாரண செங்கல்லுக்கு அடிக்கிற சின்ன பிளக்கை அதில் அடித்திருக்கிறார்.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. “பேனல் மறைச்சிகினு இருந்துச்சிக்கா, கல்லு இன்னான்னு பாக்கல... பெரிய பேஜாராகி இருக்கும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா.”

சொல்லவில்லை. எழுதுகிறேன். உங்கள் வீட்டில் டி.வி. மாட்ட வருகிறவரிடம் சுவர் என்ன கல் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கணப்போ, அடுப்போ, சாமி விளக்கோ... கீழே சூடு வருகிற எதுவும் இருந்தால் டி.வி.க்கு வேறு இடம் பாருங்கள். வேறு இடமே இல்லையென்றால், அந்தச் சூட்டை அரை மணி நேரம் ஓடவிட்டு, டி.வி. வரப்போகிற இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கை பொறுக்காத இடத்தில் டி.வி. மட்டும் எப்படிப் பொறுக்கும்?

இந்தத் தடவை எதிர்ச் சுவரில், கான்கிரீட் தூண் போகிற இடமாகப் பார்த்து நீளமான போல்ட் போட்டார் குமார். அதற்கு முன்னால் அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு நேராகச் சுவரில் பென்சிலால் கோடு போட்டார். அக்கா விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“யக்கா, போட்டோக்கு உக்கார்ற மாதிரி கீறீங்க. வூட்ல எப்டி குந்துவீங்களோ அப்டி குந்துங்க.”

அக்கா தளர்ந்து சாய்ந்தார். கோடு இன்னும் கீழே இறங்கியது.

அன்று சாயங்காலம் முதல் வீடியோ கால். டேனியலின் மடியில் அவன் மகள் ரியா. நாலு வயசு. அக்கா வலியில்லாமல் திரையை நேராகப் பார்த்துச் சிரித்தார்.

“பாட்டி!” என்று அலறியது குழந்தை. “உங்க கன்னத்துல குழி விழுது! எனக்கும் விழும், பாருங்க!”

டேனியல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “டிக்கெட் போட்டாச்சும்மா. இருபதாந்தேதி வந்துடுவோம்” என்றான். “உனக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கி வெச்சிருக்கேன். கம்பளி.”

நீயே சொல்லேன் என்கிற மாதிரி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன்.

“எனக்கு எதுக்குடா ஸ்வெட்டர்?” என்றார் அக்கா, அவன் கண்ணைப் பார்த்தே. “இங்க வேர்த்துக் கொட்டுது. வேணாம். நீங்க வாங்க, போதும்.”

வாங்கிய ஸ்வெட்டர் என்ன ஆகும் என்கிறீர்களா? மார்கழி வாக்கிங்குக்கு ஆகும் என்று, அதைக் கடையில் மாற்றித் தன் சைஸில் கொண்டுவரும்படி என் வீட்டுக்காரர் நேற்றே டேனியலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்!