பூட்டிய வீட்டுக்கு எக்ஸ்

கண்டாச்சிபுரம் பக்கம் கிராம சுகாதார நர்ஸாக ஆயுளில் பாதியைக் கழித்தவள் நான். ஓய்வு பெற்று, திண்டிவனத்தில் புதிதாகக் கட்டிய வீட்டுக்கு வந்த முதல் நாள், காலையிலேயே குளித்துப் புடவை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். போவதற்கு ஓர் ஊர் இல்லை. உள்ளே வந்து டிவி போட்டேன். அப்படியே சில மாதம் ஓடியது. முட்டி பிடித்தது, சர்க்கரை ஏறியது. வீட்டுக்காரர் இருந்தால் அவரைத் திட்டியாவது பொழுது போயிருக்கும். அவர் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சென்னையில் இருக்கும் மகன் செந்தில் போன் செய்தான். "ஏம்மா தனியா குந்திகினு கஷ்டப்படற? எங்ககூட வந்துடு."

அவன் வீடு ஒன்பதாவது மாடி. ஜன்னலில் நின்று கார்களை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான். மாட்டேன் என்றேன்.

"சரி, நல்லா இருந்து காட்டு. ஏதாவது ஒண்ணுன்னா நானே வந்து இட்டுக்கினு போயிடுவேன்" என்றான்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வேலையில் இருந்தபோது மாதாமாதம் டூர் ப்ரோக்ராம் எழுதிக் கொடுப்போம், எந்தக் கிழமை எந்த ஊர் என்று. அதையே எனக்காக எழுதினேன். திங்கள் முதல் தெரு, செவ்வாய் இரண்டாம் தெரு, இப்படி. வீடு வீடாகப் போய் வயதானவர்களுக்கு பிபி பார்ப்பதென்று ஏற்பாடு. கொஞ்ச நாளில் முட்டி வலி மறந்தே போனது.

கூடவே பழைய பழக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. போலியோ சொட்டு மருந்துக்குப் போகும்போது, முடித்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் 'பி' போடுவோம். பூட்டிக் கிடந்தால் 'எக்ஸ்'. எக்ஸ் வீடுகளுக்கு மறுபடி போகிற நாளுக்கு மாப்-அப் என்று பெயர். சுவரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

ஒருநாள் எங்கள் நகர் வாட்சப் குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. சுவரில் எக்ஸ். ரிட்டையர்டு தாசில்தார் கீழே எழுதியிருந்தார்: "பூட்டின வீடா பாத்து திருடன் மார்க் பண்றான். உஷார்."

அது நான் போட்ட எக்ஸ். சென்னையில் இருந்தாலும் செந்திலும் அந்தக் குரூப்பில் இருக்கிறான். உண்மையைச் சொன்னால் ஒன்பதாவது மாடிதான். டூரை நிறுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதுவும் பலிக்கவில்லை. திருடன் என்றதும் செந்தில் காரோடு வந்துவிட்டான். என் துணிப்பையை டிக்கியில் வைத்தபோது தெருவே வாசலில் கூடியிருந்தது.

"ஜல்தியா கூட்டிக்கினு போப்பா" என்றார் தாசில்தார். "மல்லாட்டை விக்க வர்றானே, அவன் மேலதான் டவுட்டு. போலீசுக்குப் போறோம்."

அந்த மனுஷன் தினமும் வெயிலில் வேர்க்கடலை வண்டி தள்ளுகிறவன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன் இல்ல சார். நான்தான் போட்டேன்."

செந்தில் முகத்தை மூடிக்கொண்டான். போலியோ, பி, எக்ஸ், மாப்-அப் எல்லாவற்றையும் விளக்கினேன்.

"இன்னாம்மா இது? இந்தத் தெருவுல யாரு போலியோ வயசுல இருக்கா?" என்றார் தாசில்தார்.

"கெளம்புமா" என்றான் மகன். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது கடைசி வீட்டு அலமேலு அக்கா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தார். தனியாக இருப்பவர். "ஏன் நர்சம்மா, எக்ஸ் போட்டா திரும்ப வரணும்னு இப்ப நீதானே சொன்ன? என் வீட்டுக்குப் போட்டு எத்தினி நாளாச்சு? ஏன் வரல?"

டூர் ப்ரோக்ராம் என் முட்டிக்காக என்றுதான் நினைத்திருந்தேன். போகிற இடத்தில் ஒருத்தர் காத்திருப்பார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

தாசில்தார் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுக்கும் எக்ஸ்தாம்மா."

செந்தில் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தான். டிக்கியைத் திறந்து என் பையை எடுத்து வாசலில் வைத்தான்.

"நான் மட்டும் போறேம்மா. உன்னை இட்டுக்கினு போனா, இவங்க என் மேல இல்ல கம்ப்ளைன்ட் குடுப்பாங்க."