அம்பத்தூர்த் தண்ணீரும் துவரம்பருப்பும்

போகலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் இரண்டு மழைக்காலம் பேசினார்கள். பேச்சா அது! இட்லியில் கை வைத்தால் அம்பத்தூர், குளிக்கப் போனால் அம்பத்தூர், நான் தும்மினால்கூட அந்த ஊர்க் காற்று நல்ல காற்று என்று ஆரம்பித்துவிடுவார் நைனா. அங்கே தொழிற்பேட்டை எழும்பிய வருடங்கள் அவை. ஒரு கடைசல் பட்டறையில் அவருக்கு வேலை. ராயபுரத்திலிருந்து பஸ், ரயில், அப்புறம் நடை. திரும்பி வந்தால் சோற்றில் கை வைத்தபடியே தூங்கிப்போவார்.

அம்மா அசையவில்லை. அடுத்த போர்ஷனில் அவள் தங்கை, என் சித்தி. நடுவே ஒரு தட்டிதான். இந்தப் பக்கம் அம்மா சிரித்தால், எதற்கென்று தெரியாமலே அந்தப் பக்கம் சித்தி சிரிப்பாள். அதை விட்டுவிட்டுப் போவதாவது? ஆனால் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். பழியைத் தண்ணீர்மேல் போட்டாள்.

"அந்த ஊரு கெணத்துத் தண்ணில பருப்பு வெந்துச்சின்னா வரேன்."

பிறகென்ன, ஞாயிறுதோறும் நைனாவும் நானும் தகர டின்னோடு ரயிலேறினோம். பார்த்து வைத்த வாடகை வீட்டுக் கிணற்றில் இறைத்து, பாதியை யார் யார் வேட்டிமேலோ சிந்தி, மீதியைக் கொண்டுவந்து சேர்த்தோம். பருப்பு கொதிக்கும், குதிக்கும், வேகாது. கரண்டியால் நசுக்கினால் கூழாங்கல்லாய் நழுவும்.

"இன்னா மாமா, பசங்களுக்குக் கோலி ஆட குடுத்துடலாமா?" என்பாள் சித்தி.

"ஸ்டவ் திரிய தாழ்த்தி வெச்சிகினு நாடகம் ஆடுறா ஒங்க அக்கா!"

திரும்பவும் முதலிலிருந்து. தெருவில் ஒவ்வொரு குடும்பமாக மூட்டை கட்டிப் போய்க்கொண்டிருக்க, நாங்கள் மட்டும் ஒரு பிடி துவரம்பருப்பில் மாட்டிக்கொண்டு நின்றோம்.

ஒரு ஞாயிறு நைனா ரயிலடிக்கே போகவில்லை. நாலு தெரு தள்ளி ஒரு கார்ப்பரேஷன் குழாயில் டின்னை நிரப்பினார். எனக்கு பன் வாங்கிக் கொடுத்து, "அம்மாகிட்ட மூச்சு உட்ட, அவ்ளோதான்" என்றார். மீன் காயும் கரையில் பொழுது சாயச் சுற்றிவிட்டு வீடு திரும்பினோம்.

அன்று பருப்பு வெண்ணெயாய்க் கரைந்தது. சித்தி கரண்டியை வாங்கித் தானே நசுக்கிப் பார்த்தாள். அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டு, டின்னில் மிச்சமிருந்த தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். குழாய்த் தண்ணீரின் மருந்து வாடை எனக்கே மூக்கில் ஏறியது. தொலைந்தோம் என்று நைனாவைப் பார்த்தேன். அவரோ தட்டில் கையோடு, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தண்ணிதான்டி," என்றாள் தங்கையிடம். "வெந்துச்சே. போறோம்."

தட்டிக்கு அந்தப் பக்கம் அன்று அடுப்பு எரியவில்லை. எனக்கோ, அம்மாவை நம்பவைத்துவிட்டோம் என்று ஒரே குஷி.

அடுத்த மாதம் சாமான் வண்டி கிளம்பியபோது, பாத்திரமெல்லாம் மூட்டையில் இருக்க, ஒரு தூக்கை மட்டும் அம்மா மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மூடியைத் திறந்து பார்த்தேன். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் துவரம்பருப்பு ஊறிக்கொண்டிருந்தது.

"இது இன்னாத்துக்கும்மா?"

"ராத்திரி கொழம்புக்கு," என்று மூடினாள்.

அம்பத்தூரில் பருப்பு இன்னமும் வேகாது என்பது நைனாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். அம்மா எதற்கு அதை இங்கேயே ஊறப்போட்டு, வழியெல்லாம் சிந்தாமல் சுமந்து வருகிறாள் என்று எனக்கு விளங்கவேயில்லை.