டோக்கன் நம்பரோடு ஒரு கையெழுத்து

மந்தாரக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் என்னிடம்தான் வருவார்கள். விற்றவன் 'முடியாது' என்றால் எனக்கு ரத்தம் கொதித்துவிடும். படம், பில், தேதி எல்லாவற்றையும் சேர்த்து, விடாமல் புகார் எழுதுவேன். உடைந்து வந்த மிக்சிக்குப் பதில் புதுசு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். உமாராணி ஒரு கேஸிலும் தோற்றதில்லை என்று திமிராகவே சொல்லிக்கொள்வேன். ஜானகியம்மாள் வரும்வரை அப்படித்தான் இருந்தது.

ஜானகியம்மாள் காடாம்புலியூரில் முந்திரி உடைத்தவர். நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட் ஆன சக்கரபாணியைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்து முப்பத்தொரு வருஷம் இருந்தார். ரிட்டையராக நான்கு மாதம் இருக்கும்போது சக்கரபாணி மூச்சுத்திணறலில் போய்விட்டார். மருந்தை ஆவியாக இழுக்கும் மெஷினை ஆர்டர் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். விற்றவன் இன்று, நாளை என்று இழுத்தான். காரியம் முடிந்த மறுநாள் ஆர்டர் ரத்து என்று செய்தி அனுப்பினான், பாவி. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, எங்கள் தெருவில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார் ஜானகியம்மாள். அந்த பிளாக்கையே பிறகு இடித்துவிட்டார்கள்.

இப்போது அவருக்கும் இழுப்பு. மூன்று படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் அடிக்கும். வேறொரு விற்பனையாளரைப் பார்த்து, அதே மெஷினை நான்தான் ஆர்டர் போட்டேன். விலாசம் கேட்டதும் பிளாக், தெரு, குவார்ட்டர்ஸ் நம்பர் என்று மளமளவென்று சொன்னார். டவுன்ஷிப்பை விட்டு வந்த எல்லோருக்கும் வாயில் பழைய நம்பர்தான் வரும். புத்தி கெட்ட நானும் அப்படியே டைப் செய்துவிட்டேன்.

நான்காம் நாள் 'கொடுத்தாயிற்று' என்று செய்தி வந்தது. இல்லாத வீட்டில் எவனிடம் கொடுத்தான்? மத்தியானமே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போனேன். செங்கல் குவியல், அதன் மேல் ஆமணக்குச் செடி, ஒரு முருங்கை மரம். ஒரு வண்டித் தடம்கூட இல்லை. பக்கத்தில் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது. என்னுடையதுதான் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் கேட்டது. வண்டியைத் திருப்பியவள் கடைக்கு வந்துதான் நின்றேன்.

பயம் கோபமாக மாறியது. கொடுத்ததற்கு அத்தாட்சி அனுப்பு என்று விற்றவனைக் கிழி கிழியென்று கிழித்தேன். மறுநாள் இரண்டு படங்கள் வந்தன. ஜானகியம்மாளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் திறந்தேன். ஒன்றில் பச்சைக் கதவு, வாசலில் பெட்டி, முந்தின நாள் தேதி. கதவின் அடியில் ஒரு தகர ஒட்டு. எலிக்காகக் குவார்ட்டர்ஸ் கதவில் தான் அடித்த தகரம் என்றார் அவர். இன்னொன்றில் கையெழுத்து, அதன் கீழே ஓர் எண்.

மைன்ஸ்காரர்கள் எங்கே கையெழுத்துப் போட்டாலும், மொய் நோட்டில்கூட, கீழே டோக்கன் நம்பரை, கம்பெனி தந்த ஆள் நம்பரை, எழுதுவார்கள். ஜானகியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு சக்கரபாணியின் ஐந்து இலக்கத்தையும் வரிசையாகச் சொன்னார். படத்தில் இருந்ததும் அதே எண்தான்.

படத்துக்குக் கீழே ஒரு கேள்வி: இந்தக் கையெழுத்து உங்கள் வீட்டாருடையதா? இல்லை என்றால் வேறு மெஷின் வரும். ஆமாம் என்றால் புகார் அத்தோடு முடிந்தது.

"இல்லைன்னு போடறேம்மா. எவனோ பித்தலாட்டம் பண்றான். உங்களுக்கு மெஷின் வேணும்" என்றேன்.

அவர் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது. "மெஷின் வந்துச்சா, மெஷின் வந்துச்சான்னு கேட்டுக்கினே போனாரு உமா. இப்பதான் அவரு கைக்குப் போயிருக்குது. இல்லைன்னு சொல்லி அதையும் புடுங்கணுமா? ஆமான்னு போடு."

வாதாடிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன். வடலூரில் நானே ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன். எதுவும் அவர் காதில் விழவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. ஆமாம் என்று அழுத்தினேன். நான் தோற்ற முதல் கேஸ் அது.

அடுத்துத் திரையில் ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. பொருளைக் கொண்டுவந்து கொடுத்தவருக்கு எத்தனை தருவீர்கள் என்று கேட்டது. ஜானகியம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சையும் போட்டுடு" என்றார். "அவ்ளோ தூரம் போயி குடுத்துட்டு வந்திருக்கான், பாவம்."