பறக்குறவளுக்குக் காது கேக்காது

எனக்குப் பதினாறு பதினேழு வயசு இருக்கும். ஜொகூர் பாருல ஒரு பழைய புத்தகக் கடையில மலாய் காமிக்ஸ் ஒன்னு கெடச்சுது. கதாநாயகி என்னைய மாதிரியே காது கேக்காதவ. பூட்ஸ், முகமூடி, பறக்குற சக்தி எல்லாம் உண்டு. நின்ன எடத்துலயே பாதிய முடிச்சிட்டேன். மீதிய வீட்டுக்கு வந்து படிச்சா, கடைசிப் பக்கத்துல மின்னல் அடிச்சு அவளுக்குக் காது கேட்டுடுது. அம்மா குரலக் கேட்டு அழுவுறா, கதை முடிஞ்சிடுது. எனக்கு வந்த கடுப்புல புத்தகத்தத் தூக்கி அலமாரி மேல வீசினேன். ஊரையே காப்பாத்துனவளுக்குப் பரிசு இதுதானா? அப்ப இத்தனை பக்கமா அவ என்ன, ரிப்பேருக்கு வந்த வண்டியா?

சரி போங்க, என் ஆள நானே வரைஞ்சுக்கிறேன்னு உக்காந்தேன். என் ஆளு உலு திராம்ல இருக்கா. பகல்ல தொழிற்சாலை வேலை, ஆபத்துன்னா பறப்பா. கோத்தா திங்கியில வெள்ளம் வந்தா செம்பனைத் தோட்டத்துக்கு மேலேயே போயி ஆளுங்களத் தூக்கிட்டு வருவா. சண்டை ஆரம்பிச்சா முதல் வேலையா காது மிஷினக் கழட்டிப் பையில போட்டுக்குவா. அந்த இரைச்சல் இல்லாமதான் அவளுக்கு வேலை ஓடும். அவளோட பெரிய சக்தி, எவ்வளவு தூரத்துல இருக்குறவங்க வாயையும் பார்த்து என்ன பேசுறாங்கன்னு கண்டுபிடிக்கிறது. முதுகுக்குப் பின்னால பேசுற ஒருத்தனும் அவகிட்ட தப்ப முடியாது. இந்தச் சக்திய நான் ஆசைப்பட்டுத்தான் கொடுத்தேன், மறைக்க என்ன இருக்கு.

அங்கதான் வசமா மாட்டிக்கிட்டேன். அவ கோயில் வாசல்ல நிக்கிற ரெண்டு பொம்பளைங்க வாயப் பார்க்குறா. அவங்க தமிழ்ல பேசுறாங்க. என்ன பேசுறாங்கன்னு அவங்க தலைக்கு மேல பேச்சுப் பலூன்ல எழுதணும். எனக்குத்தான் தமிழ் தெரியாதே!

தமிழ் வீட்டுல பொறந்த புள்ளைக்குத் தமிழ் தெரியாதான்னு கேப்பீங்க. சொல்றேன். நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது, பேச்சுப் பயிற்சி கொடுத்த ஒருத்தங்க எங்க வீட்டுல ஒரு கண்டிஷன் போட்டாங்களாம். இந்தப் புள்ள ரெண்டு பாஷையத் தாங்காது, பள்ளிக்கூடத்துல மலாய், அதனால வீட்டுலயும் மலாய்லயே பேசுங்கன்னு. எங்க அப்பா அம்மா அத வேதவாக்கா எடுத்துக்கிட்டாங்க. அன்னையிலேருந்து என் பக்கம் திரும்பினா மலாய், மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பினா தமிழ். பள்ளிக்கூடத்துல கை சைகையும் மலாயும் நல்லாவே படிச்சேன். வீட்டுலதான் விருந்தாளி மாதிரி இருந்தேன்.

அதுலயும் எங்க அப்பா இருக்காரே. சிங்கப்பூருக்கு ஆளு ஏத்திப் போற தொழிற்சாலை பஸ் ஓட்டுறவரு. வாயத் தொறந்தா மூட மாட்டாரு. அவரு பேச ஆரம்பிச்சா சாப்பாட்டு மேசையே குலுங்கும். அம்மாவுக்குச் சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துடும். அந்த மனுஷன் என்கிட்ட சொல்றது மொத்தம் 'மக்கான்', 'தீடோர்', 'ஹாத்தி ஹாத்தி' அவ்வளவுதான். சாப்பிடு, தூங்கு, பார்த்துப் போ. அவரோட மலாய் ரோட்டுக்கும் கடைக்கும் ஆன மலாய், அதுல கதை சொல்ல வராது அவருக்கு. இது எனக்கு இப்ப புரியுது. அப்ப, எனக்கு மட்டும் கஞ்சத்தனம் பண்றாருன்னு வயிறு எரியும்.

பள்ளிக்கூடம் முடிஞ்சு ஒரு பேனர் கடையில வேலைக்குச் சேர்ந்தேன். கோயில் திருவிழா, கல்யாணம், தீபாவளி வாழ்த்து எல்லாத்துக்கும் தமிழ் எழுத்த ஒவ்வொன்னா பார்த்துப் பார்த்து அடிப்பேன். ஒரு மண்ணும் புரியாது, ஆனா எழுத்து மட்டும் விரலுக்குப் பழகிடுச்சு. ஒரு நாள் காலியா விட்ட பலூனோட அந்தக் கோயில் வாசல் பக்கத்த எடுத்துட்டுப் போயி அம்மாகிட்ட நீட்டினேன். இந்த ரெண்டு பேரும் என்ன பேசிக்குவாங்க, எழுதுங்கன்னு மலாய்ல கேட்டேன். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில ஆறாவது வரைக்கும் படிச்சவங்க. உனக்குப் போயி தமிழான்னு ஒரு மாதிரி பார்த்தாங்க. அந்தப் பேச்சுப் பயிற்சிக்காரங்க சொன்னத மீறுற பயம் இன்னும் போகல போல. நான் இருபது வயசுப் பொம்பள, இனிமே எதுக்குப் பயப்படுறதுன்னு பென்சிலக் கையில திணிச்சேன்.

எழுதினாங்க பாருங்க. ஒருத்தி இன்னொருத்தியோட புடவையப் பத்தி, அவ மருமகளப் பத்தி, மருமக வைக்கிற சாம்பாரப் பத்தி. நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் மலாய்ல அர்த்தம் கேட்டு வாங்கினேன். அதுக்கப்புறம் பக்கம் பக்கமா வரைஞ்சு அம்மா முன்னால வச்சேன். அம்மாவும் விடல, சமைச்சுக்கிட்டே எழுதுவாங்க, தாள்ல மஞ்சள் கறை இருக்கும். எங்க அத்தை, அதாவது அப்பாவோட அக்கா, கோத்தா திங்கியிலேருந்து வந்தா அவங்களும் எழுதுவாங்க. அவங்க எழுதுற வில்லன் பேச்சு இருக்கே, கேட்டா பேயே ஓடிடும். திட்டுறது, கொஞ்சுறது, சலிச்சுக்கிறது எல்லாம் நான் இப்படித்தான் கத்துக்கிட்டேன். புத்தகத் தமிழ் எனக்கு இப்பவும் தகராறுதான். நான் எழுதுற தமிழ் இப்படி வாய்ப்பேச்சா இருக்குதுன்னா, நான் படிச்சது பலூன்ல.

மெல்ல மெல்ல வாய் அசையுறதும் பிடிபட ஆரம்பிச்சுது. அம்மா ஒரு வரிய எழுதிட்டு, அதையே என் முன்னால சொல்லிக் காட்டுவாங்க. அப்பா மட்டும் பக்கத்துலயே வரல. அவரு படிச்சது மலாய்ப் பள்ளிக்கூடம், தமிழ்ல ஒரு எழுத்து தெரியாது. நாங்க எழுதிச் சிரிச்சா, தள்ளி உக்காந்து போனப் பார்ப்பாரு.

எனக்கு அவருகிட்ட ஒரு பாக்கிக் கேள்வி இருந்துச்சு. பல வருஷத்துக்கு முன்னால ஒரு தீபாவளி. வீட்டுல சாப்பாட்டு மேசை. அப்பா என்னையப் பார்த்துக்கிட்டே என்னமோ சொன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அத்தை என்னைய ஒரு பார்வை பார்த்து, கன்னத்துல கைய வச்சாங்க. அம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. என்ன சொன்னாருன்னு கேட்டேன். ஒன்னும் இல்ல, சாப்பிடுன்னுட்டாங்க. அதுக்கப்புறம் அப்பா என்னையப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வரும். என் ஆளுக்கு நான் கொடுத்த சக்தியே அந்த ஒரு மேசைக்காகத்தான்.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அந்த மேசைய வரைஞ்சேன். எல்லாரும் சிரிக்கிறாங்க. ஜன்னலுக்கு வெளியில என் ஆளு மிதந்துக்கிட்டு அப்பா வாயையே பார்க்குறா. அப்பா தலைக்கு மேல பலூன் காலி. கொண்டுபோயி அவரு முன்னால வச்சு, அன்னைக்கு என்ன சொன்னீங்கன்னு மலாய்ல கேட்டேன். அவரு படத்தைப் பார்த்தாரு. அப்புறம் கையை விரிச்சாரு. அம்மாவக் கேட்டேன், அவங்களுக்கும் ஞாபகம் இல்ல. அத்தைக்கு மெசேஜ் போட்டா, எந்த தீபாவளிடின்னு பதில் வருது.

எனக்கு மூஞ்சில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. இத்தனை வருஷமா நான் நெஞ்சுல தூக்கிச் சுமந்தத, காது கேக்குற இவங்க அன்னைக்கே கைய கழுவும்போது கழுவி விட்டுட்டாங்க. கோவத்துல பென்சில எடுத்து, அவரு அன்னைக்கு என்ன சொல்லியிருப்பாருன்னு நான் நெனச்சிருந்தேனோ, அத நானே அந்தப் பலூன்ல எழுதினேன். எழுதிட்டு அவரு பக்கம் தள்ளினேன்.

அப்பாவுக்கு அதப் படிக்கத் தெரியாது. தாள அம்மாகிட்ட கொடுத்தாரு. அம்மா மனசுக்குள்ள படிச்சிட்டு, வேணாம்னு தலைய ஆட்டினாங்க. அப்பா விடல. அப்புறம்தான் வாய்விட்டுப் படிச்சாங்க. நான் அம்மா வாயப் பார்க்கல, அப்பா மூஞ்சியத்தான் பார்த்தேன். நான் எழுதினது இதுதான்: "எனக்குன்னு வந்து வாச்சிருக்கு பாருங்க. இத எவன் தலையில கட்டுறது?"

அவரு மூஞ்சி அப்படியே உதிர்ந்து போச்சு. எனக்குப் பாவமாவும் இருந்துச்சு, நல்லா வேணும்ங்கற மாதிரியும் இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்து அழுகையா வந்துச்சு.

அப்பதான் அப்பா பேசினாரு. மலாய் இல்ல. என் மூஞ்சியப் பார்த்து, தமிழ்ல. எனக்கு நெனவு தெரிஞ்சதுலேருந்து என்கிட்ட அவரு தமிழ்ல ஒரு வார்த்தை பேசினது கிடையாது. அன்னைக்கு என்ன சொன்னேன்னு தெரியலம்மான்னாரு, அது புரிஞ்சுது. ஆனா இதுன்னாரு, அதுவும் புரிஞ்சுது. அதுக்கு மேல உதடு நடுங்கினதுல எனக்குப் பிடிபடல. அம்மா உடனே எழுதிக் காட்டப் பென்சில எடுத்தாங்க.

அப்பா அந்தப் பென்சில வாங்கிக் கீழ வச்சாரு. நாற்காலிய இழுத்து, ஜன்னல் வெளிச்சம் அவரு வாயில விழுற மாதிரி எனக்கு நேரா உக்காந்தாரு. முதல்லேருந்து, நிதானமா, ஒவ்வொரு வார்த்தையா மறுபடி சொன்னாரு.

"அன்னைக்கு என்ன சொன்னேன்னு தெரியலம்மா. ஆனா இது, என் மனசுல ஒரு நாளும் வந்ததில்ல."

இந்தத் தடவை நான் ஒரு வார்த்தையும் விடல.