கால்வாய்க்கரை ஓட்டு

அடையாறு பாலத்தில் பாதி தூரம் நடந்த பிறகுதான் காவலாளிச் சட்டையோடு வந்துவிட்டது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை. ஓட்டுப் போட்டுவிட்டு இரண்டு மணி நேரத்தில் வருகிறேன் என்றுதான் கேட்டேன். போனால் நாளை வரவேண்டாம் என்றார் நான் காவல் பார்த்த அடுக்குமாடிக் குடியிருப்பின் செயலாளர். விடுமுறை சேர்ந்தாற்போல் வந்ததால் பாதி வீடுகள் பூட்டியிருந்தன. அவரும் புதுச்சேரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அந்தக் குடியிருப்புக்காரர்களுடைய வாக்குச்சாவடி அடுத்த தெருவிலேயே இருந்தது, வரிசையே இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அங்கேதான் குடியிருக்கிறோம் என்று அவர்கள் யாரிடமும் நிரூபிக்க வேண்டியதில்லை.

என் சாவடி மயிலாப்பூரில், கால்வாய்க்கரையை ஒட்டிய பள்ளியில். கரையிலிருந்த எங்கள் வீடுகளை இடித்து எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பிப் பல வருஷமாகிறது. ஆனாலும் அன்று வரிசை தெருமுனைவரை நின்றது. எல்லோரும் விடிகாலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவர்கள். பெயரைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், யாரும் மாற்றவில்லை. இங்கே பெயர் இருக்கும்வரை கரையில் நமக்குப் பாத்தியதை உண்டு என்று நம்பினோம். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

எனக்கு முன்னால் நின்றவர், கரையில் எங்களுக்குப் பக்கத்து வீட்டிலிருந்த மீன்கார அக்கா.

"இன்னா நைனா, ஓட்டுப்பெட்டிக்குக் காவலா?" என்றார் சட்டையைப் பார்த்து. வேலை போனதைச் சொன்னேன்.

"போனா போவுது. வேலை வேற கிடைக்கும். பேரு போனா கிடைக்குமா?"

அவர் விரலில் மையோடு வெளியே போனார். அலுவலர் என் எண்ணைத் தேடி, பட்டியலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயரின் மேல் 'நீக்கம்' என்று இருந்தது. பெயர்களைச் சரிபார்க்கக் கரைக்கு ஆள் வந்தபோது, அக்கா இங்குள்ள டீக்கடைக்காரரைக் கூட்டிவந்து, தான் இன்னும் இங்கேதான் இருப்பதாகச் சொல்ல வைத்திருந்தார். நான் அப்போது திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் இருந்தேன்.

வாசலில் அக்காவிடம் சொன்னேன்.

"ஊருக்குப் போறப்ப சொல்லிட்டுப் போறதில்ல? உன்னையும் இங்கதான் கீறான்னு சொல்லியிருப்பேனே."

பிறகு பள்ளிக் காவலாளியிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். பெஞ்சு தூக்க ஆள் வேண்டுமாம், காலையில் ஏழு மணிக்கு வரச் சொன்னாராம்.

மறுநாள் பெஞ்சுகளை வகுப்புகளுக்குத் தூக்கிப் போட்டேன். முடிந்ததும், சுவரில் ஒட்டியிருந்த வாக்காளர் பட்டியலைத் தண்ணீர் தெளித்துச் சுரண்டச் சொன்னார்கள். எங்கள் தெரு இருந்த தாளைக் கடைசியாகச் சுரண்டினேன்.