அண்ணனுக்கு ஒரு ப்ளக் பாயின்ட்

என் மகள் கல்யாணத்தில் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டது மண்டபத்துக்கோ சமையலுக்கோ இல்லை. காம்பவுண்டுச் சுவரில் வைத்த ஒரு ப்ளக் பாயின்டுக்குத்தான். இதைச் சொன்னால் சம்பந்தி வீட்டார் இன்னமும் நம்புவதில்லை.

என் அண்ணன் எங்கள் வீட்டுக்குள் வரமாட்டான். காரணம் கிரகப்பிரவேசம். திருமுல்லைவாயிலில் இந்த வீட்டைக் கட்டி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வந்த அன்று, அண்ணன் முதல் பந்தியில் உட்கார்ந்தான். இலையில் உப்பும் ஊறுகாயும் விழுந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்து, "மச்சான், கொஞ்சம் அடுத்த பந்தியில உக்காருங்களேன், எங்க ஃபோர்மேன் வந்திருக்காரு" என்று எழுப்பிவிட்டார். அவர் ஆவடி டிபன்ஸ் ஃபேக்டரியில் வேலை பார்ப்பவர், விருதுநகர் பக்கத்துக்காரர், மற்றபடி நல்ல மனிதர். மேலதிகாரியைக் கண்டால் மட்டும் மூளை நின்றுவிடும். அண்ணன் எழுந்தான். "இனிமே இந்த ஊட்டு வாசப்படி ஏற மாட்டேன். இந்த ஊட்ல கை நனைக்க மாட்டேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு பூந்தமல்லிக்கு பஸ் ஏறிவிட்டான். அந்த ஃபோர்மேன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, சுகர் இருக்கிறது என்று எழுந்துபோனார்.

அப்போது என் மகள் ஸ்கூல் யூனிஃபார்ம் போடும் வயசில் இருந்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ பொங்கல் வந்தது. அண்ணன் சீர் கொடுக்காமல் இருந்ததில்லை. கேட்டுக்கு வெளியே பைக்கை ஆஃப் பண்ணாமலே கரும்பையும் துணிப்பையையும் நீட்டுவான். நான் தண்ணீர் கொண்டுபோனால் சொம்பைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், கிளம்பிவிடுவான். உள்ளே என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். இரண்டு பேரிடமும் மன்னிப்பு என்கிற சாமானே கிடையாது. நான் இருவரையும் மாறி மாறித் திட்டியிருக்கிறேன். அது அவர்களுக்கு மழைச்சத்தம் மாதிரி பழகிவிட்டது.

கல்யாணம் நிச்சயமானதும் எனக்கு ஒரே கவலை பிடித்துக்கொண்டது. முகூர்த்தம் மண்டபத்தில், அது யார் வீடும் இல்லை, அண்ணன் வருவான். ஆனால் முந்தின நாள் நலங்கு எங்கள் ஹாலில், சாமி படத்துக்கு முன்னால். தாய்மாமன்தான் முதலில் சந்தனம் பூச வேண்டும். அண்ணன் உள்ளே வந்து என் பெண்ணுக்குச் சந்தனம் பூச வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அந்தக் கல்யாணத்தில் வேறு ஆசை இல்லை. மாப்பிள்ளையைக்கூட அவளே பார்த்துக்கொண்டாள்.

போன் செய்து கேட்டேன். "ஒரு வாரம் முன்னாடியே வந்துடறேம்மா. அவளுக்கு நான் இல்லாம யாரு கீறா?" என்றான்.

"ஊட்டுக்குத்தானே?"

"ஊட்டுக்கு இல்ல. ஊட்டாண்ட."

சொன்னபடியே வந்தான், ஒரு கேரவனோடு. அண்ணன் பூந்தமல்லியில் டிராவல்ஸ் வைத்திருக்கிறான். ஷூட்டிங்குக்கு ஓடித் தேய்ந்த ஒரு பழைய கேரவனை வாங்கி, கட்டில், ஏசி, சின்ன ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் சரிசெய்து, குடும்பத்தோடு கோயில் குளம் போகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறான். அதை எங்கள் பக்கத்துக் காலி மனையில், மனைக்காரரிடம் போனில் அனுமதி வாங்கி, எங்கள் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிறுத்தினான். ஜன்னலைத் திறந்தால் எங்கள் சமையலறை. கையை நீட்டினால் முருங்கைக்காய் பறிக்கலாம். ஆனால் எங்கள் மண் இல்லை.

கேரவன் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான், சினிமா. பால் வாங்கப் போனால், உள்ளே எந்த நடிகை என்று கேட்டார்கள். என் அண்ணன் என்றேன். அண்ணன் நடிகரா என்றார்கள். சந்தேகம் தீராமல் சாயங்காலம் பத்துப் பேர் மொபைலைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். கதவு திறந்தது. கட்டம் போட்ட லுங்கியில் அண்ணன் இறங்கி வேப்பங்குச்சி ஒடித்தான். கூட்டம் கலைந்தது.

பிரச்சினை நடிகையால் வரவில்லை, ஜெனரேட்டரால் வந்தது. ஏசி போட்டால் ஜெனரேட்டர் ஓடும். அது ஓடினால் எங்கள் வீட்டு டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசும். எதிர் ஃப்ளாட்டில் வீட்டிலிருந்தே ஐடி வேலை பார்க்கும் தம்பி ஒருநாள் பொறுத்தான், மறுநாள் வந்துவிட்டான். "ஆன்ட்டி, மீட்டிங்ல அமெரிக்காகாரன் கேக்குறான், நீ ஏதாவது ஃபேக்டரியில இருக்கியான்னு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன். அவன் மரியாதையாகச் சொன்னதால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

எனவே வீட்டிலிருந்து கரண்ட் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு அது பெரிய வேலை இல்லை. மண்ணூர்பேட்டையில் பேனல் போர்டு செய்யும் கம்பெனியில் ஒயரிங் செக்‌ஷனில்தான் என் பாதி வயசு போனது. மீட்டர் பெட்டியிலிருந்து தடிமனான ஒயர் இழுத்து, காம்பவுண்டுச் சுவரில் மழை படாத பெட்டி வைத்து, அதற்குள் பதினாறு ஆம்ப்ஸ் பாயின்ட், லோடு அதிகமானால் தானே விழும் தனி எம்சிபி, ஆளைக் கரண்ட் அடிக்காமல் காப்பாற்றும் டிரிப் சுவிட்ச், தனி எர்த். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் வேலை. எனக்குத் தெரியாதது ஒன்றுதான். கரண்ட் வாங்கினால் கை நனைத்த கணக்கா, இல்லையா?

"கணக்குதான்" என்றான் அண்ணன், வண்டிப் படியில் உட்கார்ந்து. "அவரு மீட்டர்ல ஓடிக்கினு வர்ற கரண்ட்ல நான் சோறு ஆக்கித் துன்னா, அது அவரு ஊட்டுச் சோறுதானே?"

சுவருக்கு இந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காயப்போட்டதையே மறுபடி காயப்போட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் நடுவே சுவர் மார்பளவுதான். "உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றார் என்னிடம், "ரெண்டு மாசத்துக்கு மொத நூறு யூனிட்டு அரசாங்கம் சும்மா குடுக்குது. அதை அவரு எடுத்துக்கட்டும். அதுல என் காசு இல்ல."

"மாப்ளகிட்ட சொல்லு" என்றான் அண்ணன், "அரசாங்கம் குடுத்தா நான் வாங்கிப்பேன். நானும் ஓட்டுப் போடறவன்தான்."

ரேஷன் அரிசி வாங்குகிற கணக்கு என்று அந்த வழக்கு தீர்ந்தது. நான் சொல்ல வேண்டியதே இருக்கவில்லை. இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் என்னைப் பார்த்துத்தான் பேசினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏனென்றால் இத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதில் அதுதான் நீளமானது.

அடுத்தது உப்பு. எர்த்துக்குப் பள்ளம் தோண்டி, பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நான் சமையலறையிலிருந்து உப்பு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்ததும் அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

"உப்பு எந்த ஊட்டுது?"

"மண்ணுல போடறதுண்ணா. நீ துன்னப் போறதில்ல."

"எங்க போட்டா இன்னா? உப்பு உப்புதான்."

பைக்கை எடுத்துக்கொண்டு போய் பூந்தமல்லியிலிருந்தே கல்லுப்பு வாங்கி வந்தான். திருமுல்லைவாயிலில் உப்பு விற்கிறார்கள். ஆனால் அது எங்கள் பக்கம். நான் பள்ளத்தில் இறங்கி நின்று, சேலையைச் செருகிக்கொண்டு, அண்ணன் போட்ட உப்பைக் காலால் மிதித்தேன். சொந்தக் குடும்பத்தைப் பற்றி அப்போது எனக்குத் தோன்றியதை எழுத முடியாது.

ப்ளக்கைச் சொருகியதும் டிரிப் ஆனது. மறுபடி போட்டேன், மறுபடி டிரிப். "பாத்தியா" என்றான் அண்ணன், "இந்த ஊடு என்னிய ஏத்துக்காது." சுவருக்கு அப்பாலிருந்து, "உங்க அண்ணன் வண்டியில ஏதோ கோளாறு, வீட்டுல இல்ல" என்று பதில் வந்தது. அவர் சொன்னதுதான் சரி, ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஜெனரேட்டரில் ஓடுவதற்காக வண்டிக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து வைத்திருந்தார்கள். வீட்டு லைனோடு சேர்ந்தால் அது ஒத்துவராது. ஜெனரேட்டர் ஓடும்போது மட்டும் அந்த இணைப்பு சேரும்படி ஒரு சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்தேன். மூன்றாவது முறை டிரிப் ஆகவில்லை. ஏசி ஓடியது, சத்தமில்லாமல். எதிர் ஃப்ளாட் தம்பி பால்கனியிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

அந்த வாரம் முழுக்க அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் இண்டக்‌ஷன் அடுப்பில் சோறு வடித்தான். நான் இந்தப் பக்கம் வத்தக்குழம்பு வைத்தேன். வாசனைக்கு வேலி போட முடியாது என்பதால், ஜன்னலை மட்டும் அவன் சாத்திக்கொள்வான். ஒருநாள் ரசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன். பிறகு போய்ப் பார்த்தால் எறும்பு மொய்த்துக் கிடந்தது. அன்று அழுதேன். கல்யாண வீட்டில் அழுதால் பெண்ணைப் பிரியும் வருத்தம் என்று ஊரே எடுத்துக்கொள்ளும், அது ஒரு வசதி.

நலங்கு அன்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மற்றவர்கள் ஹாலில் வைக்க வேண்டியது. பிறகு மகள் எழுந்து வெளியே போய், கேரவன் படியில் உட்கார்ந்து, மாமன் கையால் சந்தனம் பூசிக்கொள்ள வேண்டியது. முதலில் வைக்க வேண்டியவன் கடைசியில் வைப்பான், அதுவும் காலி மனையில். எனக்குப் பிடிக்கவே இல்லை. வேறு வழியும் இல்லை.

சாயங்காலம் அவளை மணையில் உட்காரவைத்த நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, தெருவே போனது. முனை டிரான்ஸ்ஃபார்மரில் ஃபியூஸ் வெடித்த சத்தம் கேட்டது என்றார்கள். இன்வர்ட்டர் எங்கே என்று பார்த்தால், என் வீட்டுக்காரர் வாசலில் கட்டிய சீரியல் பல்பு முழுவதையும் அதில் கொடுத்து, மத்தியானம் கரண்ட் போயிருந்த நேரத்திலேயே பேட்டரியைக் காலி பண்ணியிருந்தார். பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, ஹால் நிறையச் சொந்தக்காரர்கள், காற்று இல்லை. என் மகள் கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் போட்ட மேக்கப் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் சுவருக்கு அந்தப் பக்கம் தட்டில் தாம்பூலத்தோடு நின்று எங்கள் ஹால் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். தட்டைக் கீழே வைத்தான். ஜெனரேட்டர் சத்தம் கேட்டது. இந்த முறை எதிர் ஃப்ளாட் தம்பிக்குப் புகார் இல்லை, அவனும் எங்கள் ஹாலில்தான் வேர்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு, வண்டியில் ஒரு முனையைச் சொருகிவிட்டு, சுருளைப் பிரித்துக்கொண்டே வந்தான். ஒயர் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க பின்பக்கமாகவே நடந்தான். கண் முழுக்க ஒயரில் இருந்தது. "மிதிக்காத, ஓரமா நில்லு, செருப்ப அப்பால தள்ளு" என்று சொல்லிக்கொண்டே கேட்டைத் தாண்டினான். பந்தல் காலைச் சுற்றினான். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வந்துகொண்டே இருந்தான். நான் கதவருகே நின்றேன். ஹாலில் இருந்தவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். எங்கள் சொந்தத்தில் எல்லாருக்கும் அந்தச் சபதம் தெரியும். யாராவது இருமினால்கூட நின்றுவிடுவானோ என்று பயந்தேன்.

கால் வாசற்படிக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கும்போது என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். இந்த மனுஷன் கெடுத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

"மச்சான், பின்னால படி. பாத்து."

என்னிடம் சொல்லவில்லை. நேராக அவனிடமே சொன்னார்.

அண்ணன் நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் ஒயரையே பார்த்தான். பிறகு காலைப் பின்னால் நீட்டி, குதிகாலால் படியைத் தடவிப் பார்த்து, ஏறினான். என் வீட்டுக்காரர் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அப்படியே ஹாலுக்குள் வந்தார்கள், ஒருவர் முன்பக்கமாக, ஒருவன் பின்பக்கமாக.

"நான் வர்ல" என்றான் அண்ணன், சுவரைப் பார்த்து. "ஒயர்தான் வந்துச்சு."

"ஆமா" என்றார் என் வீட்டுக்காரர். "டேபிள் ஃபேன் இங்க இருக்கு மச்சான், இதுல குடுத்துடுங்க."

ஃபேன் ஓடியது. ஒரு லைட் எரிந்தது. சந்தனக் கிண்ணத்தை எடுத்து நான் அண்ணன் முன்னால் நீட்டினேன். அவன் விரலைச் சந்தனத்தில் தோய்த்து என் மகளின் இரண்டு கன்னத்திலும் பூசினான். "வேர்க்குது பாரு கொயந்தைக்கு" என்று சொல்லிக்கொண்டே பூசினான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, இங்கயே உக்காரு" என்றாள். அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மற்றவர்கள் வரிசையாக வந்து நலங்கு வைத்து முடிக்கும் நேரத்தில் கரண்ட் வந்தது. மேலே ஃபேன் சுற்றியது, வாசலில் சீரியல் பல்பு எரிந்தது. எனக்கு அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இனி ஒயரைச் சுருட்ட வேண்டும், சுருட்டிக்கொண்டு அவன் வெளியே போக வேண்டும். சொந்தக்காரர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, ஒயரைக் கழற்றட்டுமா என்று கேட்டார்.

அண்ணன் எழுந்தான். விரலில் சந்தனம் காய்ந்திருந்தது. ஹாலைச் சுற்றிப் பார்த்தான். கட்டியதிலிருந்து அந்த வீட்டை அவன் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு எங்கள் வாஷ்பேசினுக்குப் போனான், குழாயைத் திறந்தான், இரண்டு கையையும் நிதானமாகக் கழுவினான். வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இன்னாம்மா கொழம்பு?" என்றான்.

வாயைத் திறந்தால் அழுகைதான் வரும் என்று தெரிந்தது, அதுதான் வந்தது. அவனுக்குப் பதில் சொன்னது என் வீட்டுக்காரர்.

"வத்தக்குழம்பு, மச்சான்" என்றார். சொல்லிவிட்டு இலை எடுக்க உள்ளே போனார்.